கம்மாவுக்கு ஆதார் கேட்ட கதை

திருச்சுழி வட்டாரத்தில் ஒரே விசிலில் பஸ்ஸை நிறுத்தத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கண்டக்டர். இன்னொருவர் கம்மாக்கா.

நூறு நாள் வேலையில் பெண்களுக்கு அவர்தான் பொறுப்பாளர். கண்மாயை எங்கள் பக்கம் கம்மா என்போம். எந்நேரமும் அந்தக் கரையிலேயே நின்றதால் சொந்தப் பெயர் போய் அதுவே பெயராகிவிட்டது. ஒருநாள் நரிக்குடி பஸ்ஸிலிருந்து ஒருவர், தின்று முடித்த மிக்சர் பையை வறண்டு கிடந்த கம்மாவுக்குள் வீசினார். விசில் பறந்தது, பஸ் நின்றது. அக்கா பையை எடுத்து வந்து ஜன்னல் வழியாக நீட்டி, "அண்ணே, சாமானை விட்டுட்டுப் போறீகளே" என்றார். வாங்கியவர் இறங்கும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தவன் நான்.

நான் ஒன்றிய அலுவலகத்தில் மனு வாங்கும் கிளார்க். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மனு வந்தது. 'அனுப்புநர்: கம்மா. எனக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் மண் மேவி, சீமைக்கருவேலம் அடைச்சுக் கெடக்கு. மழைக்கு முந்தி பொக்லைன் விட்டுத் தோண்டித் தரவும்.' கீழே ஊர்ப் பெண்களின் கையெழுத்து. எனக்கு அன்று குசும்பு. 'மனுதாரர் ஆதார் நகலுடன் நேரில் வரவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

கம்மாக்காவே வந்தார். தலையில் ஒரு சட்டி நிறையக் கம்மாவில் அள்ளிய கரம்பை மண். அதை என் மேசையில் இறக்கி, நான் திருப்பி அனுப்பிய மனுவையும் பக்கத்தில் வைத்தார்.

"மனுதாரர் வந்திருக்காக சார். என்ன கேக்கணுமோ கேளுங்க."

"ஆதார் எங்கம்மா?"

"வெளிச் சுவத்துல நீங்கதான எழுதிப் போட்டிருக்கீக, 'கண்மாய் நம் நீராதாரம்'னு! கம்மாவே ஆதாரம்ங்கிறீக, அதுக்கு என்ன சார் தனியா ஒரு ஆதாரு?"

ஆபீசே சிரித்தது. நான் கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். சிரித்த கையோடு மனுவை மேலே அனுப்பியிருக்க வேண்டும். பாவி நான், இழுப்பறையில் வைத்தேன். கதையை டீக்கடையில் பத்துப் பேரிடம் சொல்லத்தான் எனக்கு நேரம் இருந்தது.

பொக்லைன் வராது என்று தெரிந்ததும் அக்காவும் பெண்களும் மண்வெட்டியோடு வரத்துக்காலில் இறங்கிவிட்டார்கள். ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. அதற்குள் மழை. வந்த தண்ணீர் அந்த வளைவில் முட்டித் திரும்பி ஓடையில் போய்விட்டது. கம்மா நிறையவில்லை, ஊரில் நடவும் இல்லை. பிழைப்புக்கு அக்கா திருப்பூர் போய்விட்டார். போகும்போது என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு மனுவை நானே தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தேன். கோடையில் பொக்லைன் வந்து வளைவைத் தோண்டியது. இந்த வருஷம் கம்மா நிரம்பி மறுகால் பாய்கிறது. அக்காவிடம் சொல்லலாம் என்றால், மனுவில் இருக்கும் அவர் போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

அந்த மண் சட்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அக்கா, மனுதாரர் நேரில் வரவும். ஆதார் வேண்டாம்.