துடைத்தால் போயிற்று

ஒழுகுகிறதைத் துடைத்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்புகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதற்காக வருஷம் முழுக்க அயராமல் உழைப்பவர்களைப் போய் அப்படிச் சொல்லலாமா?

நமது கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் ஊராரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி, ஊதி, துடைத்து, "இப்ப பாருங்க, பளிச்சுன்னு தெரியுதா?" என்று திருப்பிக் கொடுக்கிற மனிதர். அவருடைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மேடுபள்ளங்களில் ஏறி இறங்குகிற குழாய்களில், வலப்பக்கத்து ஆயில் சீல் கசியத் தொடங்கி எட்டு மாதமாகிறது. சீல் என்பது குழந்தை வளையல் அளவில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே இருக்கிற எண்ணெயை வெளியே விடாமல் காப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்த ஒரு வேலையையும் அது விட்டுவிட்டது.

அவர் விடுவாரா? காலை ஏழரைக்குப் பழைய பனியனோடு வாசலுக்கு வருவார். முன்சக்கரத்தின் எதிரே குந்துவார். குழாயில் வழிந்திருக்கும் எண்ணெயை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைப்பார். பழைய ஃபிலிம் சுருளில் நறுக்கிய துண்டைச் சீலின் இடுக்கில் விட்டு, பல் குத்துகிற பக்குவத்தோடு சுற்றிச் சுற்றித் தூசி எடுப்பார். கடைசியில், எடுத்த காரியம் அரைகுறையாக நிற்கக் கூடாதென்று, அதே பனியனால், பிரேக் கவ்விப் பிடிக்கிற வட்டத் தகடான டிஸ்க்கையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டு எழுந்திருப்பார். தெருவில் போகிறவர் யாராவது நின்று பார்த்தால், கேட்காமலேயே பதில் வரும். "சீல் நல்லாத்தான் இருக்கு சார். தூசிதான்."

புது சீல் வாங்கினால் என்ன என்கிறீர்களா? வாங்கி ஏழு மாதமாகிறது! மேசை இழுப்பறையில், உறை பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுக்கத்தான் அவருக்கு மனசில்லை. "அவன் கண்டபடி அடிச்சு மாட்டுவான். ஒரு ஞாயித்துக்கிழமை நானே நிதானமா மாத்துறேன்." அந்த ஞாயிற்றுக்கிழமை இதுவரை எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

இதில் வேடிக்கை பார்க்க முடியாத ஒரே ஆள் அவர் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாள்தான் தினமும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்.

"என்னங்க, பிரேக் பிடிச்சாலும் வண்டி இழுத்துக்கிட்டே போகுதே?"

"உனக்கு எப்பவும் பயம். காலையிலதான் சுத்தமா துடைச்சேன்."

"துடைச்சீங்க, சரி. நிக்குமா?"

நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, சரிவான தெருவின் அடியில் ஒரு பேருந்து குறுக்கே திரும்பியது. அவர் முன் பிரேக்கை அழுத்தினார். பளபளத்த டிஸ்க் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பின் பிரேக்கை மிதித்து, இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்து, வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு, பேருந்துக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கும் பயம் வந்தது.

அந்த அம்மாள் இறங்கி, சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மாலையில் இழுப்பறையைத் திறந்து சீலை எடுத்தார். அவர் வண்டியைத் தள்ள, அந்த அம்மாள் பின்னாலேயே நடக்க, ஊர்வலம் மெக்கானிக் கடையை அடைந்தது.

மெக்கானிக் டிஸ்க்கைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"சார், சீல் கசிவு இவ்வளவு தூரம் வரல. குழாயோடயே நின்னுடுச்சு. இது யாரோ டிஸ்க் முழுக்க எண்ணெயை நல்லா தேய்ச்சு விட்டிருக்காங்க. தினமும் செஞ்ச மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுப் பக்கம் உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களா?"

கடைக்காரர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த பனியனை உள்ளே தள்ளினார். "இருக்காங்க," என்றார் மனைவி.

புது சீல், புது பிரேக் கட்டைகள், ஒன்றரை மணி நேரம். வேலை முடிந்தது.

மறுநாள் ஏழரைக்கு அவர் பனியனோடு வாசலுக்கு வந்தார். குழாய் காய்ந்து கிடந்தது. தடவிப் பார்த்தார், சுற்றி வந்தார். கை சும்மா இருக்க மறுத்தது. அந்த நேரம் பார்த்து, சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பனியனைக் கீழ வைங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பிளம்பருக்குச் சொல்லியாச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது கிடக்கட்டும், உங்கள் வீட்டுக் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி இருக்கிறதே, அது எந்த மழைக்கு வைத்தது? நேற்றும் அதை நீங்கள்தானே கொண்டுபோய்க் கொட்டினீர்கள்? என்ன சுறுசுறுப்பு உங்களுக்கு!