சீனிக்கு உண்ணிக் காய்ச்சல், மிளகுக்குச் சளி

மன்னார்குடி,
கார்த்திகை 9

மரியாதைக்குரிய சம்பந்தி வைரக்கண்ணு அவர்களுக்கு, பஞ்சநதம் வணக்கத்துடன் எழுதுவது. பேராவூரணியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வீட்டில் இப்போது நாலு பேர் இருக்கிறோம், அதில் இரண்டு பேர் மருந்தில் இருக்கிறார்கள். நானும் என் சம்சாரம் பிரகதாம்பாளும் அந்த இரண்டு பேரில் இல்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிடுவீர்கள், சாயங்காலத்துக்குள் விஷயம் ஜெர்மனிக்குப் போய்விடும். முப்பத்துநாலு வருஷம் நில அளவையராக இருந்தவன் நான், எதையும் எழுத்தில் வைப்பதுதான் வழக்கம். உங்கள் மகள் செம்மொழியும் என் மகன் பரணிதரனும் ஆனியில் ஜெர்மனி புறப்பட்டபோது, சீனி என்கிற நாயையும் மிளகு என்கிற கறுப்புப் பூனையையும் எங்களிடம் விட்டுச் சென்றது தாங்கள் அறிந்ததே. "ஆறே மாசம் மாமா, ரெண்டும் தொந்தரவே பண்ணாது" என்று செம்மொழி சொன்னது. ஐப்பசி வரைக்கும் அது உண்மைதான்.

ஐப்பசி கடைசியில் ஐந்து நாள் விடாமல் பெய்ததே, அந்த மழையில் மிளகுக்குத் தும்மல் ஆரம்பித்தது. மறுநாள் இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன, உடம்பு கொதித்தது. காய்ச்சல் யாருக்கு வந்தாலும் காய்ச்சல்தானே என்று நினைத்து, நாங்கள் சாப்பிடும் பாராசிட்டமாலில் கால் மாத்திரையை உடைத்து, பூனையைத் துண்டில் சுற்றி வாயைத் திறந்து போட்டேன். அது என் வேட்டியில் துப்பியது. மறுபடி போட்டேன், மறுபடி துப்பியது. மூன்றாம் தடவை என் இடது கையில் கீறியது. கீறல் பதினோரு சென்டிமீட்டர், அளந்து பார்த்தேன். விழுங்க வைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்கத்தான் கால்நடை மருத்துவர் குந்தவைக்குப் போன் செய்தேன். ஏதாவது உள்ளே போயிற்றா என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "சார், அந்த மாத்திரை பூனைக்கு விஷம். அது துப்புனதாலதான் உயிரோட இருக்கு" என்றார். மாத்திரை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூனையிடம் மன்னிப்புக் கேட்கும் முறை எனக்குத் தெரியாது, ஆகவே கேட்கவில்லை.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் அது சாப்பிடாது, அதனால் மீனைச் சுடச்சுட வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவிதான் தினம் மத்தியானம் மத்தி மீனை வேகவைத்து மதிலுக்கு மேலே நீட்டினார்கள், வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணையும் துடைத்துவிட்டார்கள். என் பங்குக்கு, காலையும் மாலையும் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, அந்த ஆவியில் பூனையோடு பத்து நிமிஷம் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். இதில் எனக்குப் பதினெட்டு வருஷமாக இருந்த சைனஸ் குறைந்துவிட்டது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

எல்லோரும் பூனையைச் சுற்றி நின்றதில் நாயை யாரும் கவனிக்கவில்லை. சீனி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பூனை மேல் பொறாமை என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டியது, எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஈறு என்ன நிறம் என்று போனில் கேட்டார், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி. பக்கத்து மனையில் மழைக்கு வளர்ந்த புல்லிலிருந்து ஏறியிருக்கிறது. முப்பத்திரண்டு கிலோ நாயை நானும் ஆட்டோக்காரரும் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். சீட்டில் பேஷண்ட் பெயர் ப. சீனி என்று எழுதினார்கள், அந்த 'ப' நான்தான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உண்ணிக் காய்ச்சல் சார். பிளேட்லெட் ரொம்பக் கொறஞ்சிருக்கு. மூணு நாள் போகட்டும். பொழைச்சுடும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

மூன்று நாளும் காலை முதல் மாலை வரை அந்தக் கிளினிக் தரையில் உட்கார்ந்திருந்தேன். நாய் ஊசியைப் பிடுங்காமல் இருக்க அதன் தலையை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் வைத்துக்கொண்டேன். செம்மொழி வீடியோவில் கூப்பிட்டபோது வெளியே போய் நின்று, சீனி தூங்குகிறது என்று சொன்னேன். சர்வீஸ் முழுக்க ஒரு பொய் சொல்லாதவன் நான். இரண்டாம் நாள் சோறு கொண்டுவந்த பிரகதாம்பாள் என் மடியில் கிடந்த நாயின் தலையைப் பார்த்தாள். பிறகு, "பரணிக்கு டைபாய்டு வந்து பன்னெண்டு நாள் படுத்திருந்தான். நீங்க சர்வே கேம்ப்புனு ஒரு நாள்கூட வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஞாபகம் வந்ததால் சொன்னாள். நான் குளுக்கோஸ் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம், நான் கை கழுவப் போன நேரத்தில், நாய் என் தயிர்சாதம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு டப்பா மூடியையும் நக்கிவைத்திருந்தது. டாக்டர் ஈறைப் பார்த்தார். "செவப்பு வருது சார்" என்றார். அன்று நான் பட்டினி, அது ஒரு பெரிய விஷயமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சீனிக்கு இன்னும் மூன்று வாரம் மாத்திரை இருக்கிறது, மிளகுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்காலும் சொல்பேச்சுக் கேட்பதில்லை. தங்களுக்கோ நாலு ஏக்கர் தென்னந்தோப்பு, காவலுக்கு ஆள், கார் எல்லாம் இருக்கிறது. மேலும் சீனி, செம்மொழி கல்யாணத்துக்கு முன்பே உங்கள் வீட்டில் வளர்ந்த நாய். மூலப் பத்திரம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, நான் வெறும் அனுபோகதாரன். ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை அனுப்பி இரண்டையும் அழைத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த மருந்து எந்த வேளைக்கு என்று எழுதி உடன் அனுப்புகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. உங்கள் தோப்பில் குலை குலையாகக் காய்க்கட்டும். எங்கள் வயலில் நிற்கிற தண்ணீர் சீக்கிரம் வடியட்டும்.

இப்படிக்கு,
பஞ்சநதம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பரணி போன் செய்தான். பிரகதாம்பாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. தஞ்சாவூரில் அவனுடைய சிநேகிதர் இரண்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம், நாளைக்கே வந்து அழைத்துப் போவாராம். பிரயாணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆகையால் நீங்களும் காரை அனுப்ப வேண்டாம், கேட்டாலும் கொடுப்பதாக இல்லை. எழுதியதைக் கிழிக்கும் வழக்கம் இல்லாததால் கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன். போனை வைக்கும் முன் பரணியிடம், "அங்க குளிர் ஜாஸ்தியாமே, ஒனக்கு ஒடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். அவனிடமிருந்து சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.