கண்டக்டரின் கணுக்கால்

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனிதர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொய் சொல்வதென்று முடிவு செய்தார். பெண்டாட்டியிடம்தான். ரிட்டயரான பிறகு வேறு யார் அவர் பேச்சைக் கேட்கிறார்கள்?

விஷயம் இதுதான். கடற்கரைப் பேட்டையில் ஒரு கிளப். நாலு மணிக்கு அங்கே கேரம் இறுதியாட்டம். கண்டக்டரும், அவர் பஸ்ஸை ஓட்டிய டிரைவரும் ஒரு ஜோடி. ஒன்பது வருஷமாகக் கைக்கு எட்டாத கோப்பை. நாலு மணிக்கு ஆள் வரவில்லையென்றால் எதிர் ஜோடிக்குப் போய்விடும்.

சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். கேரம் ஆடப் போய் மச்சினன் கல்யாணத்தையே கோட்டை விட்டவர் அவர். வீட்டில் அந்த வார்த்தைக்கே தடை.

வீட்டம்மாவோ அதே நாள் அதே கடற்கரைக்குக் கிளம்பிவிட்டாள். மீன் காட்சியகம், ராட்சத ராட்டினம், கலங்கரை விளக்கம், ஒன்று பாக்கியில்லாமல் பார்க்க வேண்டுமாம். கூடவே அவரும் வர வேண்டுமாம்.

கடற்கரையில் இறங்கும்போது, பஸ்ஸின் கடைசிப் படியில் கண்டக்டர், "ஐயோ!" என்றார். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் சரிந்தார்.

"சுளுக்கிடுச்சு. நீ போய்ச் சுத்திப் பாரு. நான் இந்த பெஞ்சுலயே கிடக்கறேன்."

"உங்களை இப்படியே விட்டுட்டா? நல்லா இருக்கே!"

ஒன்றை மறந்துவிட்டார். வீட்டம்மா எலும்பு வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸ். கைப்பையிலிருந்து கட்டுத்துணி வந்தது. தொடையில் ஆரம்பித்து விரல்வரை சுற்றினாள். கால் மரக்கட்டை ஆனது. முதலுதவிக் கூடத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலியும் வந்தது.

பஸ் நிறுத்தத்திலிருந்தே தெரிந்த மீன் காட்சியகத்தின் வரிசை தெருமுனை திரும்பி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"வழி விடுங்க! கால் முடியாதவர்!"

காவலாளி கயிற்றை அவிழ்த்தார். நாற்காலிக்கும் அதைத் தள்ளுகிறவருக்கும் அங்கே தனி வழி. நேரே உள்ளே.

"ஏங்க, அந்தச் சுறாவைப் பாருங்களேன்!"

"பாத்துட்டேன்."

"உங்க பெரியக்கா சிரிச்ச மாதிரி இல்ல?"

அப்படித்தான் இருந்தது.

ராட்டினத்தில் இரண்டு தடியர்கள் அவரை மூட்டை மாதிரி தூக்கிப் போட்டார்கள். அவள் இரண்டாவது சுற்றும் கேட்டாள். கொடுத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

மணி மூன்றே முக்கால். கலங்கரை விளக்கம். படிகளைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. கிளப்போ எதிர்த் தெரு.

"இருநூறு படி. நீ மட்டும் ஏறிப் பாத்துட்டு வா. அவசரமே இல்ல."

"கவலைப்படாதீங்க ஐயா," என்றார் அங்கிருந்த காவலாளி. "நாற்காலிக்கு லிஃப்ட் இருக்கு."

ஒரு நல்ல மனிதரை அவர் வாழ்நாளில் அவ்வளவு வெறுத்ததில்லை.

உச்சியில் தொலைநோக்கி ஒன்று. வீட்டம்மா கண்ணை வைத்தாள்.

"அந்தக் கிளப் வாசல்ல ஒருத்தர், கடிகாரத்தைப் பாக்கறார், தலையில அடிச்சுக்கறார். உங்க டிரைவர் அண்ணன் ஜாடையா இருக்கு."

கண்டக்டர் துள்ளி எழுந்தார்.

"என் கால்ல ஒண்ணுமே இல்லடி! அவிழ்த்து விடு!"

"இருங்க. இது எலும்பு வார்டு முடிச்சு. அவசரப்பட்டா இறுகும்."

லிஃப்ட் கீழே போயிருந்தது. மடங்காத காலோடு படியில் இறங்கினார். ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கோ ஒரு மணிக்கூண்டு நாலு அடித்தது. வீட்டம்மா தொலைநோக்கியை விட்டு இறங்கி வந்தாள்.

"கதவைச் சாத்திட்டாங்க."

கண்டக்டர் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பொய்னு எப்போ தெரிஞ்சுது?"

"விழுந்தப்பவே. கால் சுளுக்கினவன் காலைப் பாப்பான். நீங்க என் மூஞ்சியைப் பாத்தீங்க."

"தெரிஞ்சும் எதுக்குடி கட்டு போட்டே?"

"வரிசை நீளமா இருந்துச்சே."