மண் உறங்குகிறது

மானுட குலம் யார் யாருக்கோ விடுமுறை அளித்திருக்கிறது. மண்ணுக்கு விடுமுறை அளித்த பெருமை தெற்கு டாஸ்மேனியாவில் எங்கள் ஊர்ப் பொதுத்தோட்டக் குழுவையே சேரும். அதன் செயலாளர் என்ற முறையில் இதைத் தலைநிமிர்ந்து சொல்கிறேன்.

தலைவர் ரோலண்ட் பைபஸ் தலைநகர் ஹோபார்ட்டில் ஒரு பயிலரங்குக்குப் போய், இங்கே குளிர்காலமான ஜூன் மாத உறைபனியோடு ஞானமும் பெற்றுத் திரும்பினார். உடனே கூட்டத்தைக் கூட்டினார். "குளிர்காலத்தில் மண் உறங்குகிறது. கொத்துவது வன்முறை. உரமிடுவது, உறங்குகிறவர் வாயில் சோற்றைத் திணிப்பது" என்று முழங்கினார். இத்தனை காலம் ஜூலையில் கொத்தி, ஆட்டெரு போட்டு, வைக்கோல் பரப்பிய எங்கள் காட்டுமிராண்டித்தனத்தை எண்ணி வெட்கினோம்.

தெல்மா பர்ரிட்ஜுக்கு மட்டும் வெட்கம் வரவில்லை. அவள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. தோட்டத்தில் இருக்கும் ஒற்றைப் பாத்திதான் அவளுக்கு நிலம். ஆகஸ்டில் 'பிங்க்-ஐ' என்ற எங்கள் ஊர் உருளைக்கிழங்கை ஊன்றினால்தான் கிறிஸ்துமஸ் காலையில் தோண்டி வேகவைக்க முடியும். பல வருஷம் கழித்து மெல்பர்னிலிருந்து மகள் வேறு குழந்தைகளோடு வருகிறாள். விதை உருளைகள் முட்டை அட்டையில் முளைவிட்டுக் காத்திருந்தன. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையின் பலகைத் தளத்துக்கு அடியில் புகுந்து, மூட்டை மூட்டையாக எருவும் அள்ளிவந்திருந்தாள்.

"யோவ் ரோலண்ட், மண்ணு தூங்குதுன்னு யாருய்யா உனக்குச் சொன்னா? குறட்டை விட்டுச்சா?"

"மெதுவா பேசுங்க தெல்மா, முழிச்சிடப்போவுது."

"அது எப்பத்தான் முழிக்கும்?"

"முழிச்சதும் அதுவே நமக்குத் தெரியப்படுத்தும்."

"எப்படி? போன் பண்ணுமா?"

தலைவர் புன்னகைத்தார். அறியாமையைக் கண்டு சினம் கொள்வது அவர் வழக்கமல்ல. 'உறக்கப் பாதுகாப்புத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. தோட்டத்துக்குள் பூட்ஸ் அணியத் தடை. உறைபனியில் காலுறையோடு நடந்த பொருளாளர் காய்ச்சலில் படுத்தார்; தியாகம் இல்லாமல் புரட்சி ஏது? தெல்மாவின் எரு மூட்டைகள், 'மண்ணின் நலன் கருதி', தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன.

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரும் போயிற்று. பயிலரங்குக்குப் போகாத களைகள் மட்டும் இடுப்பளவு வளர்ந்தன. நவம்பரில் புல்லாங்குழல் வாசித்து மண்ணைத் துயிலெழுப்பினோம். எழுந்த மண்ணில் மண்வெட்டி இறங்கவில்லை. சுருங்கிப்போன விதை உருளைகளைத் தெல்மா குப்பையில் கொட்டினாள். எனக்கே ஆறுதல் சொல்லத் தோன்றியது; பதவியின் கண்ணியம் கருதி அடக்கிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு குழுவின் விருந்து நடந்தது. தலைவர் பெரிய கிண்ணத்தோடு வந்தார். உள்ளே வெண்ணெயும் புதினாவும் மணக்க, ஊதாக் கண்களோடு புத்தம்புதிய பிங்க்-ஐ உருளைகள்.

தெல்மா ஒன்றைக் கடித்தாள். "எங்க விளைஞ்சது இது?"

"எங்க வீட்டுப் பின்னாடிதான். ஜூலையிலேயே நல்லா கொத்தி உங்க எருவைப் போட்டேன். என்னா எரு தெல்மா அது!"

"அந்த மண்ணு தூங்கலையா?"

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? தூங்குறது பொது மண்ணு. இது என் சொந்த மண்ணாச்சே!"

தெல்மா உருளையை அவர் தட்டிலேயே துப்பிவிட்டு வெளியேறினாள். நாங்கள் ஆளுக்கு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டுக்கும் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் சொந்த மண் இருக்கிறது.