அமலம்மாள் அக்காவுக்கு ஒரு கத்தி

வின்சென்ட் மூன்றாவது முறை சுத்தியலை இறக்கியதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. தொம்.

அவர் நிறுத்தினார். சுவரும் நிறுத்தியது. சந்தேகம் தீர மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். தொம்.

“கேட்டியா?” என்றார் சமையலறைப் பக்கம் திரும்பி.

ஷேரன் பின்வாசலில் தலை நீட்டினாள். “கேட்டுச்சுங்க. கோவமாத்தான் இருக்காங்க போல.”

இடுக்கியில் பிடித்திருந்த இரும்பு சிவப்பு மங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது. வின்சென்ட் அதைத் திரும்ப உலைக்குள் வைக்காமல், சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். சுங்கை பினாங்கில் இந்த வரிசை வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கைப்பேசியில் யாரோ கத்தி செய்வதைப் பார்க்கப்போய், தானும் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பெயின்ட் டின்னுக்குள் தீக்களிமண் பூசி, கேஸ் பர்னரைச் சொருகி ஓர் உலை செய்தார். மரக்கட்டை மேல் ஒரு தண்டவாளத் துண்டு. பின்கட்டே பட்டறை ஆகிவிட்டது.

இதுவரை மூன்று கத்திகள் ஆகியிருந்தன. முதல் கத்தி தக்காளியை வெட்டாது, நசுக்கும். இரண்டாவது பெயின்ட் டின் திறக்க உதவியது. மூன்றாவது, காற்றில் பின்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் சொருகிக் கிடந்தது. நான்காவது நிச்சயம் ஷேரனுக்கு ஒரு நல்ல சமையல் கத்தி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்போது ஷேரன் தும்மினாள். அடுத்து வின்சென்டும் தும்மினார்.

“மிளகா நெடி. பக்கத்து வீட்லேருந்துதான் வருது,” என்றாள் ஷேரன். “நீங்க தட்டுறப்பல்லாம் வருதுங்க. சுத்திப் போடுறாங்களோ?”

“மாதா கோயிலுக்குப் போறவங்க, அதெல்லாம் செய்வாங்களா?”

“எங்கம்மாவும் கோயிலுக்குப் போறவங்கதான். ஆனா கண்ணு பட்டிருந்தா நெடி வராதும்பாங்க. இப்பத்தான் வருதே, அப்ப யார் கண்ணும் படல.”

“படலன்னா எதுக்கு வாரா வாரம் சுத்துறாங்க? நாமதான் அந்தக் கண்ணு,” என்றார் வின்சென்ட்.

பக்கத்து வீட்டு அமலம்மாள் அறுபதைத் தாண்டியவர். கணவர் இல்லை, பிள்ளைகள் சிங்கப்பூரில். எப்போதாவது ஒரு வேன் வந்து வாசலில் நிற்கும், உறவுக்காரப் பெண் ஒருத்தி உள்ளே போய் வருவாள். மற்றபடி அந்த வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. அவ்வளவு அமைதியான மனுஷியைச் சுவரில் இடிக்க வைத்துவிட்டோமே என்பதுதான் வின்சென்டுக்கு உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் வாசலில் அமலம்மாளே குடையோடு அவர்களிடம் வந்தார்.

“நேத்து கொஞ்ச நேரந்தான் தட்டுனீங்க போல?”

வின்சென்டுக்குச் சுருக்கென்றது. “மன்னிச்சுக்குங்க அக்கா.”

“எதுக்கு தம்பி? அடுத்த வாட்டி எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க? தெரிஞ்சா நல்லதுலா.”

முகத்தில் சிரிப்பு இருந்தது. சிரித்துக்கொண்டே குத்துகிறவர்களைத் தொழிற்சாலையில் வின்சென்ட் நிறையப் பார்த்திருந்தார். நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுக்கப்போகிறார் என்று வீடு வரும் வழியெல்லாம் புலம்பினார்.

புகார் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவருடைய மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போவதில்லை என்பது சிறுவயதிலிருந்தே அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒழுங்கு. அடுத்த ஞாயிறு எல்லாரும் வரிசையில் எழுந்து போனபோது அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அது அவருக்குப் பசியைப் போல வலித்தது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. உலையில் இருக்கும் கத்தியை அமலம்மாளுக்கே கொடுத்துவிடுவது.

“அப்ப எனக்கு?” என்றாள் ஷேரன்.

“அடுத்தது உனக்குத்தான்.”

“கதவுக்குக்கூட ஒரு கத்தி இருக்கு. எனக்கு அடுத்ததா?” என்றவள் கொஞ்சம் யோசித்து, “சரி, குடுங்க. ஆனா ஒண்ணு, சத்தம் போட்டதுக்கு மன்னிப்புக் கேக்க இன்னும் சத்தம் போடணுமே?” என்றாள்.

வின்சென்ட் அதையும் யோசித்து வைத்திருந்தார். தண்டவாளத்துக்கு அடியில் ஈரச்சாக்கை மடித்துப் போட்டார். பெரிய சுத்தியலை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல இரும்பைத் தட்டினார்.

சுவரிலிருந்தும் மெதுவாக வந்தது. தொம்… தொம்…

“கிண்டல் பண்றாங்க,” என்றார் வின்சென்ட், முகம் சிவக்க.

மெதுவாகத் தட்டியதில் இரும்பு நீளவில்லை. நீளாததால் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருந்தது. ஒரு மணி நேர வேலை மதியம் முழுக்க இழுத்தது. சாக்கு வேறு காய்ந்து, தெறித்த பொறியில் புகைய ஆரம்பித்தது. வேலை முடியும்வரை அந்தப் பக்கமும் விடவில்லை.

லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் கொடுத்துதவிய பட்டறைக்கார ஹபீப் முகம்மதுவிடம் போய்க் கேட்டார். அவர் பட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இரும்புக்கிட்ட போயி மரியாதை காட்டியிருக்கீங்களே. நல்லா செவக்கட்டும், நாலு போடு போட்டு முடிங்க. அந்த அம்மா வீட்ல இல்லாத நேரமாப் பாத்து அடிச்சிருங்க, அவ்வளவுதான்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அமலம்மாள் சனிக்கிழமைகளில் மாலைப் பூசைக்கும் போவார். வின்சென்ட் சன்னல் திரைக்குப் பின்னால் காத்திருந்தார். தூறலில் குடை வெளியே வந்து, சந்து வழியாகப் போய், முனையில் திரும்பி மறைந்தது. உலையைப் பற்றவைத்தார். இரும்பு ஆரஞ்சுப் பழம் போலப் பழுத்ததும் பெரிய சுத்தியலை ஓங்கி, மனம் குளிர அடித்தார். அடிக்க அடிக்கப் பட்டை வெற்றிலை போல விரிந்து, கத்தியின் உருவம் வந்தது. கடைசியாக ஒருமுறை காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டியதுதான் பாக்கி.

பட்டையை உலைக்குள் தள்ளிவிட்டு, அதன் நுனியை எப்படி நேர்ப்படுத்துவது என்று இன்னொரு துண்டில் தட்டிப் பார்த்தார்.

தொம்.

வின்சென்டின் கை அப்படியே நின்றது. ஓடிப்போய் முன்பக்கம் எட்டிப் பார்த்தார். அமலம்மாளின் வாசலில் குடை விரித்தபடி இருந்தது, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டு.

“பாதி வழியில திரும்பி வந்துட்டாங்க,” என்றாள் ஷேரன். “நீங்க அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் வந்திருப்பாங்க. வேகமா நடந்து வந்தாங்க.”

தன்னால் ஒரு ஜீவன் பூசையை விட்டுவிட்டதே என்று வின்சென்ட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்தத் துக்கத்தில் உலையை மறந்தார். நினைவு வந்து எடுத்தபோது இரும்பு வெள்ளையாகக் கண்ணைப் பறித்தது. பதறிப்போய் அப்படியே எண்ணெயில் முக்கினார். டிண் என்று சின்னதாக ஒரு சத்தம். நுனிப்பக்கம் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

விரிசல் விழுந்த பாதியை வெட்டி எறிந்தார். கோழி வெட்ட நினைத்த கத்தி வெங்காயம் நறுக்குகிற கத்தியாகச் சுருங்கியது. ஆனால் மிச்சமிருந்ததில் அவர் அவசரப்படவில்லை. அளவாகக் காய்ச்சி மறுபடி முக்கினார். அரத்தால் உரசினால் வழுக்கிக்கொண்டு போனது, அதுதான் நல்ல பதம். உடையாமல் இருக்க, ஷேரனின் கேக் அடுப்பில் வைத்து முறுக்குத் தணித்தார். அன்றைக்கு அதே அடுப்பில் வெந்த கேக்கில் எண்ணெய் வாடை வந்ததை அவள் ஒரு வாரம் சொல்லிக் காட்டினாள். பாலிக் புலாவிலிருந்து கிடைத்த ஜாதிக்காய் மரத்தில் பிடி போட்டார். தினமும் மாலையில் சாணைக்கல்லில் தீட்டினார்.

தட்டல் இல்லாத அந்த நாட்களில் சுவரும் அமைதியாக இருந்தது. மிளகாய் நெடியும் இல்லை. “பாத்தியா? நான் சொன்னேன்ல,” என்றார் ஷேரனிடம்.

கத்தி அழகாகத்தான் வந்திருந்தது. அவர் செய்ததிலேயே வெட்டுகிற முதல் கத்தி. ஷேரன் அதில் ஒரு தக்காளியை நறுக்கிப் பார்த்துவிட்டு, துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவள் கண் அதன் மேலேயே இருந்ததை வின்சென்ட் கவனித்தார்.

அமலம்மாள் கதவைத் திறந்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். ஏற்கெனவே இருக்கிற சண்டை போதும் என்று வின்சென்ட் அதை மேசை மேல் வைத்தார். அமலம்மாள் எடுத்து, ஒரு சின்ன வெங்காயத்தை நறுக்கினார். துண்டுகள் கண்ணாடி போல விழுந்தன.

“எனக்கா தம்பி? எதுக்கு?”

“இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டதுக்கு. இனிமே சத்தம் இருக்காதுக்கா. இதோட விட்டுட்டேன்.”

அமலம்மாளின் முகம் மாறியது. “ஏன் தம்பி விடணும்? நல்லாத்தானே தட்டுறீங்க.”

“நீங்க பெரிய மனசுல சொல்றீங்க. வேணாம்க்கா, முடிவு பண்ணிட்டேன்.”

“கொஞ்சங்கூடத் தட்ட மாட்டீங்களா? சாயங்காலத்துல ஒரு அரை மணி நேரம்?”

“சத்தியமா மாட்டேன்.”

அந்த அம்மா கத்தியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கண் கலங்கினார். கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது என்று ஒரு காசைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கண்ணீர் வின்சென்டின் மனத்தைத் தொட்டது. சுத்தியலையும் தண்டவாளத்தையும் அன்றே ஹபீப் முகம்மதுவின் பட்டறையில் கொண்டுபோய் வைத்தார். ஆசையை விட்டது வலித்தது, ஆனால் அந்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய் நன்மை வாங்கினார். திரும்பி வரும்போது அமலம்மாளுக்குக் கைகூப்பிச் சமாதானம் சொன்னார். அவரும் கூப்பினார், ஆனால் ஏனோ வாடித் தெரிந்தார்.

அடுத்த வாரம் இன்னும் வாடினார். உடம்புக்கு என்னவோ என்று ஷேரன் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். “ஒண்ணுமில்ல தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு, “தம்பிக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு? ஏன் சும்மா இருக்காரு?” என்று விசாரித்தாராம். இவ்வளவு நடந்த பிறகும் தன்மேல் அக்கறைப்படுகிறாரே என்று வின்சென்ட் உருகிப்போனார்.

கோயில் திருநாளுக்குச் சில நாள் முன்பு, அமலம்மாள் வீட்டு வாசலில் அந்த வேன் வந்து நின்றது. உள்ளே போன பெண் சீக்கிரமே வெறுங்கையோடு வெளியே வந்தாள். நேராக வின்சென்டின் கேட்டுக்கு வந்து நின்றாள். தன் பெயர் ரூபினி என்றும், சந்தைப் பாசாரில் கடை போட்டிருப்பதாகவும் சொன்னாள்.

“அண்ணே, நீங்கதான இரும்பு தட்டுறவரு?”

“தட்டுனவரு. விட்டாச்சும்மா. அக்கா நிம்மதியா இருக்கட்டும்னு.”

ரூபினி பக்கத்து வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“புண்ணியமாப் போகும், மறுபடி தட்டுங்கண்ணே, திருநாளுக்குக் கேட்ட மசாலாத்தூள் ஒண்ணுகூட ஆகல, உரல் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு, நீங்க தட்டுறப்ப மட்டுந்தான் ஆன்டி மொளகா இடிப்பாங்க.”