வெண்ணெயை உருக்கும் கை

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம், உங்கள் மகளின் வலது மணிக்கட்டு நீங்கலாக. அங்கே நீங்களும், சம்பந்தி ஐயாவும், அவருடைய முழங்காலும், யாரையும் உட்கார விடாமல் நீங்கள் துணி போட்டு மூடி வைத்திருக்கும் அந்த வெள்ளைச் சோபாவும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் ஆரம்பித்தால் என் முறை வருவதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்கு எதுவும் மறக்காது. காதுதான் வலிக்கும். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாதவள். என் எழுத்து மையில் விழுந்த எறும்பு எழுந்து போன மாதிரி இருக்கிறது என்று, நம் பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய் பக்கம் நின்று உங்கள் நாத்தனாரிடம் சொன்னீர்கள். குழாய்க்கு அந்தப் பக்கம் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தது நான்தான். போகட்டும், இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் நான் இல்லை.

போன வாரம் நீங்கள் சொன்ன இரண்டு யோசனைக்கும் என் பதில், வேண்டாம் என்பதுதான். நீங்கள் புறப்பட்டு வந்து உதவ வேண்டாம். நாங்களும் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு உங்கள் மாடி அறைக்கு வருவதாக இல்லை. "சம்பந்திக்கும் ஒரு ஓரமா கட்டில் போட்டுடலாம்" என்றீர்கள். மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் சுவருக்கு இந்தப் பக்கம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓரமா. அதை நான் கேட்டேன் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே எல்லாம் பிரமாதமாக நடக்கிறது. கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பேக்கரி வந்ததிலிருந்து நம் பிஸ்கட் கடை நொண்டிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் வருகிற சனிக்கிழமை ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலைக்காரர் நேரில் வந்து சாப்பிட்டுப் பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்தால் தினமும் தட்டுத் தட்டாக எடுத்துக்கொள்வார், கடை நிமிர்ந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மூட வேண்டியதுதான் என்று உங்கள் மகளே சொல்லிவிட்டாள். ஆள் அப்படி ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. அவள் ஷார்ட்பிரெட் என்று சொல்கிற அந்த வெண்ணெய் பிஸ்கட்டும், பழம் வைத்து மூடிய பேஸ்ட்ரியும் போதுமாம். ஒரே ஒரு நிபந்தனை. வாசலில் தொங்குகிற பலகையில் எழுதியிருக்கிறபடி இருக்க வேண்டும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றால், "எல்லாம் கையால் பிசறியது". எழுதியவன் என் மகன். 'கையால்' என்பதை மட்டும் தூரத்து லாரிக்காரனுக்கும் தெரிகிற மாதிரி சிவப்பில் பெரிதாக எழுதிவிட்டான். இப்போது மெஷின் வாங்கலாம் என்று பார்த்தால் பலகை முறைக்கிறது.

அந்தக் கையைத்தான் உங்கள் மகள் உடைத்துக்கொண்டாள். மாவில் தெளிப்பதற்காக எடுத்த ஐஸ் தண்ணீரைத் தானே தரையில் சிந்தி, தானே அதில் வழுக்கி, விழும்போதும் மாவுக் கிண்ணத்தைக் கீழே விடாமல் இடது கையில் தூக்கிப் பிடித்திருந்தாள் என் மருமகள். மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டுக்குத்தான் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்கள் சாயங்காலமானால் ஜில்லிட்டுப் போய் வலிக்கின்றன. அப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, கொஞ்சம் பிடிங்களேன்" என்பாள். என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஆக, வைத்தியமும் இங்கேயே கிடைக்கிறது.

முதலில் மாவில் கை வைத்தவன் என் மகன். லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன் எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது நீங்கள் அதைத்தானே முதலில் பார்த்தீர்கள். பிஸ்கட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரரிடம் ஒன்று கொடுத்தோம். யார் மனதையும் நோகடிக்காதவர். நிதானமாக மென்றுவிட்டு, சாப்பிடும்போது எங்கோ தொலைதூரப் பயணம் போகிற மாதிரி ஒரு உணர்வு வருகிறது என்றார். டீசல். அதோடு மகனை அடுப்படிக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

அடுத்தது நான். மாவு பிசைவதற்கு எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா. உங்கள் மகள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வெண்ணெயும் மாவும் நுனிவிரலில் பட்டும் படாமலும் உதிர வேண்டும், ரொட்டித்தூள் மாதிரி வந்ததும் விட்டுவிட வேண்டும், பிசையவே கூடாது என்றாள். பிசையாத மாவு என்ன மாவு. சின்னப் பெண், கை உடைந்த வருத்தத்தில் பேசுகிறாள் என்று நினைத்து, அவள் மருந்து சாப்பிட எழுந்து போன சமயம் பார்த்து, வேர்க்க விறுவிறுக்க அடித்துப் பிசைந்து, உருட்டி, மறுபடியும் பிசைந்து, கன்னம் மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டேன். அழகாக வந்தது. வெந்து வந்ததும் தபால்காரர் ஒரு பக்கம் கடித்தார், பிறகு இன்னொரு பக்கம் கடித்தார், பிறகு பல்செட்டைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா சாப்பிடறேம்மா" என்றார். மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஆடிக்கொண்டிருந்த அவருடைய மேஜைக் காலுக்கு அடியில் இருந்தது. இப்போது மேஜை ஆடுவதில்லை.

சரி, அவள் சொன்னபடியே செய்வோம் என்று இறங்கி வந்தேன். நான் பிடிவாதக்காரி இல்லை. நுனிவிரலால்தான் எடுத்தேன், பட்டும் படாமலும்தான் உதிர்த்தேன். உதிர வேண்டியது உதிராமல் களிம்பு மாதிரி இழைந்துகொண்டே வருகிறது. உங்கள் மகள் இடது கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "தப்பு உங்க மேல இல்ல அத்தை, உங்க கை சூடு. வெண்ணெய் உருகிடுது. இதுக்கு எங்க அம்மா கைதான் சரி, பனிக்கட்டி மாதிரி இருக்கும்" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று, மண்டபத்து வாசலில், கடகடவென்று சத்தம் போட்ட மின்விசிறிக்குக் கீழே, நீங்கள் என் கையைப் பிடித்த வேகத்தில் உதறிவிட்டு, "அடேயப்பா, அடுப்பைத் தொட்ட மாதிரில்ல இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்கச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள், யார் சிரிப்பை அடக்கினார்கள், அதில் யாருக்கு மேல்பல் ஒன்று இல்லை என்பது வரை என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு அடுப்பு. இன்றைக்கு உங்கள் பெண் வாயாலும் அதே பேச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்.

என் கை சூடென்றால் சூட்டைக் குறைத்தால் போயிற்று. மகன்தான் யோசனை சொன்னான். மாவு, கிண்ணம், கரண்டி, உருட்டுகிற பாட்டில் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். உள்ளே இருந்த பாலும் குழம்பும் என் கண் சொட்டு மருந்தும் வெளியே வந்தன. பால் திரிந்தது, குழம்பு நுரைத்தது, மருந்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். பிறகு, கிண்ணமே குளிரும்போது கை குளிராதா என்று என்னையும் கொண்டுபோய் நிறுத்தினான். கதவைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு, மேல் தட்டில் கன்னத்தைச் சாய்த்தபடி நின்றேன். அந்த நேரம் பார்த்து மின்சார மீட்டர் பார்க்கிறவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வெளியே போகும்போது என் மகன் தோளில் கை வைத்து, "அம்மாவுக்கு எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார். அவன் விளக்கம் சொல்லியிருக்கலாம். "இந்த வாரம்தான் சார்" என்றான் என் வயிற்றில் பிறந்தது. ஆள் போய்ப் பக்கத்து வீடுகளுக்கும் மீட்டர் பார்த்திருக்கிறார். தெருவில் எல்லோரும் இப்போது என்னிடம் ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார்கள்.

கையும் குளிர்ந்தபாடில்லை. விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். மாவைத் தொட்டதும் பழையபடி சூடேறிவிட்டது.

அதனால் இன்று கை படாமல் செய்கிற வழியைப் பிடித்தேன். கல்லாக உறைந்த வெண்ணெயைக் காய்த் துருவியில் துருவினேன், கட்டைவிரல் தோலும் கொஞ்சம் போயிற்று. சாப்பாட்டுக் கத்தி இரண்டை எடுத்து, கத்தரிக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, மாவுக்குள் வெண்ணெயைக் கொத்தினேன். பார்த்தால் அப்படியே ரொட்டித்தூள். உங்கள் மகள், இல்லை, என் மருமகள், எட்டிப் பார்த்து, "அத்தை, இதுதான்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தூளாக இருப்பது தானாக ஒட்டாது பாருங்கள். கடைசியில் அள்ளிச் சேர்க்கத்தான் வேண்டியிருக்கிறது. உள்ளங்கையால் லேசாக, குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, சேர்த்துப் பிடித்தேன். கொஞ்ச நேரம்தான். ஒட்டவில்லை என்று இன்னும் கொஞ்ச நேரம். பிறகு அதை ஃப்ரிட்ஜில் வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்றாள். காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பது நான், ஓய்வு மாவுக்கா என்று கேட்டுவிட்டு, வட்டம் வட்டமாக வெட்டி, முள்கரண்டியால் குத்தி, அடுக்கி, ஓவனில் வைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வீடு முழுக்க வாசனை. தபால்காரர் கூப்பிடாமலேயே இறங்கி வந்து வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். இதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும், இங்கே யாருடைய பனிக்கட்டிக் கையும் தேவைப்படவில்லை என்று. சனிக்கிழமை விஷயம் முடிந்ததும் நானே ஒரு டப்பா அனுப்பி வைக்கிறேன், பிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், வாயில் கரையும்.

சம்பந்தி ஐயாவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு. நீங்களும் அவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருந்து, உங்கள் வீட்டிலேயே இருந்து, பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனாவில் அவ்வளவு மை இல்லை. தட்டு வெளியே வந்தது. வட்டம் வட்டமாகத்தான் உள்ளே போயிற்று. வெளியே வந்தபோது தட்டுக்கு ஒரே பிஸ்கட், நான்கு மூலையையும் தொட்டுக்கொண்டு, தன் வெண்ணெயில் தானே பொரிந்துகொண்டு கிடந்தது. தபால்காரர் பார்த்துவிட்டு, "சமமா வந்திருக்கும்மா" என்றார். மருமகள் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். திட்டவில்லை. இடது கையால் மேடையைத் துடைத்துக்கொண்டே, ஏணி எங்கே என்று என் மகனைக் கேட்டாள். எதற்கு என்றான். "பலகைய இறக்கிடலாம். சனிக்கிழமை அவர் வந்து படிச்சுப் பார்த்துச் சிரிக்கறதுக்குள்ள" என்றாள். அவன் ரொம்ப நேரமாக ஏணியைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைக்காது. அது என் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது, மேலே போர்வை போட்டிருக்கிறேன்.

தபால்காரர் நாளைக் காலை வண்டியில் உங்கள் ஊரில் இருக்கும் தன் மகளைப் பார்க்க வருகிறார். இதை அவர் கையாலேயே உங்களிடம் கொடுப்பார். அவரைச் சோபாவில் உட்கார வையுங்கள். சாயங்கால வண்டியில் அவரோடு புறப்பட்டு வந்துவிடுங்கள். வேறொன்றும் கொண்டுவர வேண்டாம், கையைச் சால்வைக்குள் வைத்துச் சூடாக்கிவிடாமல் வந்தால் போதும். நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள், தானாக வந்ததாக இருக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டீர்களே என்று நான் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நேராக அடுப்படிக்குப் போங்கள்.

சற்று முன் நம் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். அப்படிக் குளிர்ந்து கிடந்தது. உங்கள் கையும் இந்த மாதிரிதான் என்றால், அன்றைக்கு என் கை உங்களுக்குச் சுட்டிருக்கத்தான் செய்யும். மண்டபத்து விஷயத்தை நான் விட்டுவிட்டேன். மாவை நீங்கள் பாருங்கள், விரலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. ஓரமாகப் போடவில்லை, கூடத்துக்கு நட்டநடுவில் போட்டிருக்கிறேன். யாரும் நடக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.