பதினொன்றாம் கட்டிலில் தவறு நடக்கவில்லை

திருச்சிராப்பள்ளிக்கு மலைக்கோட்டையால் பெருமை, காவிரியால் பெருமை, சுருட்டால் பெருமை என்று சொல்லித் திரிகிறவர்கள் ஊரை அரைகுறையாக அறிந்தவர்கள். 1959-ஆம் ஆண்டு முதல் இவ்வூரின் தலையாய பெருமை ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அடக்கமான ஸ்தாபனம், கூச்சப்படும். அதன் சுவர்களுக்குள் ஒரு நோயாளிகூடத் தவறுதலாக இறந்ததில்லை. வந்த நோயால் இறந்திருக்கிறார்கள், வயதால் இறந்திருக்கிறார்கள், விதியால் இறந்திருக்கிறார்கள். தவறால் இல்லை. ஆதாரம் வேண்டுமென்றால் பதிவேடு இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை.

இந்தச் சாதனையில் பாலக்கரை சாரா பீவிக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு தலையணையைத் தன் கையால் எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் வைத்தவள் அவள்தான்.

அந்த வியாழக்கிழமை காலை அவள் கணவர் ஷேக் தாவூது ஆறு நாட்களுக்குப் பிறகு முதன்முறையாகக் காலை நீட்டினார். மற்றவர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. ஆனால் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த நாள் முதல் அவரைப் போட்டிருந்த பன்னிரண்டாம் கட்டில், கிழக்குச் சுவரோரம் தலைமாடும் மேற்கே கால்மாடுமாக இருந்தது. மேற்கே கிப்லா. தொழுகைத் திசைக்குக் காலை நீட்ட மனம் ஒப்பாமல், கல்லுக்குப் பட்டை தீட்டும் அந்த மனிதர் ஆறு நாட்களும் முழங்காலைக் கட்டிக்கொண்டே கிடந்தார்.

பக்கத்துக் கட்டில் பதினொன்று, வடக்குச் சுவரின் கடைசி. அதற்கு முந்தின நாள் நிமோனியாவோடு வந்து சேர்ந்திருந்தார் ஜீயபுரத்து விவசாயி மருதை. அவருக்குத் தலைமாடு வடக்கே. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருமினார்.

“படுங்க மருதண்ணே” என்றார் தாவூது.

“வடக்க தலை வெச்சா படுப்பாங்க பாய்? பொணத்தைத்தான் வெப்பாங்க.”

“அப்ப தலையணையத் திருப்பிப் போடுங்க.”

“போட்டேனே! நர்ஸம்மா வந்து, பலகை இருக்கற பக்கந்தான் தலை இருக்கணும்னு சட்டம் பேசிட்டாங்க.”

பலகை என்றது ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் கம்பியால் கட்டியிருந்த தகரப் பலகையை. அதில் இங்கிலீஷில் எழுதிய தாள் ஒன்று செருகியிருக்கும்.

தாவூது சிரித்தார். “எனக்கு வடக்கே தலை ஆகும், மேற்கே கால்தான் ஆகாது. உங்களுக்கு?”

“எனக்கு மேக்க, தெக்க எங்க வேணும்னாலும் காலு நீளும் பாய்!”

இரண்டு மதங்களும் இத்தனை சுலபமாகச் சமாதானமானது சரித்திரத்தில் குறைவு. மருதையின் மனைவி வெள்ளையம்மாள் ஒரு தலையணையை எடுத்தாள். சாரா பீவி மற்றதை எடுத்தாள். பலகைகளை யாரும் தொடவில்லை. அவை கட்டிலோடு பிறந்தவை, மேசை நாற்காலி மாதிரி ஆஸ்பத்திரிச் சொத்து என்று நால்வரும் மரியாதையாக நினைத்துக்கொண்டார்கள்.

கட்டில் மாறி, பதினொன்றில் படுத்துத் தாவூது காலை நீட்டினார். “சாரா, இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்ச மாதிரி இருக்கு. போய் ஒரு டீ வாங்கிட்டு வா. சர்க்கரை தூக்கலா” என்றார்.

அவள் டீயோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இடையில் நடந்தது விதிமுறைப்படி மிகச் சரியாக நடந்தது. பத்து மணிக்குத் தட்டோடு வந்தாள் நர்ஸ் வியாகுலம்மாள். நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி. இத்தனை வருஷ சேவையில் அவள் நோயாளிகளின் முகத்தைப் பார்த்ததில்லை. அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. இடுப்பு மட்டும்தான் பரிச்சயம். “பதினொண்ணு, திரும்பிப் படுங்க” என்றாள். ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நம்பிய தாவூது திரும்பிப் படுத்தார். நிமோனியாவுக்கான பென்சிலின் முழு அளவும் உள்ளே போயிற்று.

முந்தின வருஷம் ஒரு கம்பவுண்டர் அந்த மருந்தைப் போட்டதில் அவருக்கு முகம் வீங்கி மூச்சடைத்தது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே சாரா பீவி அதைச் சொல்லியிருந்தாள். டாக்டர் இருதயநாதனும் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் ‘பென்சிலின் ஆகாது’ என்று எழுதி, அடிக்கோடு இரண்டு போட்டிருந்தார். அந்தச் சிவப்பு மை பன்னிரண்டாம் பலகையில் பத்திரமாக இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார், நாடி பார்த்தார், பலகையைப் பார்த்தார். “மருதை. நிமோனியா. பாவம்” என்றார்.

“இவங்க ஷேக் தாவூதுங்க” என்றாள் சாரா பீவி. டீ தம்ளர் இன்னும் அவள் கையில் இருந்தது.

“துக்கத்துல அப்படித்தாம்மா தோணும்.”

பன்னிரண்டாம் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார் மருதை. “டாக்டரய்யா, மருதை நாந்தாங்க.”

“பன்னிரண்டு, படுங்க. உங்களுக்கு அதிர்ச்சி.”

“அதிர்ச்சிதாங்க. ஆனா மருதைதாங்க!”

டாக்டர் மருதையைப் பார்த்தார். இறந்தவரைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்த நொடியில் அந்தப் புரிதலை நான்காக மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். எதையும் பதறாமல் செய்யும் பயிற்சி அவருக்கு உண்டு.

உடலைப் பெறும் இடத்தில்தான் சற்றுத் தாமதம். குமாஸ்தா ரத்தினவேல் நேர்மையானவர். தாளில் இல்லாததை நம்பமாட்டார்.

“இறந்தது மருதை. இந்து. மருதையோட ஆளுங்க கையெழுத்துப் போட்டாத்தான் பாடியக் குடுக்க முடியும்” என்றார்.

வெள்ளையம்மாள் காளியாத்தா மாதிரி நின்றாள். “எம்புருசன் இந்தா குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. நான் எந்தப் பொணத்துக்குய்யா கைநாட்டு வெக்கிறது? நீ வேணா வெய்யி!”

பொழுது ஏறிக்கொண்டே போயிற்று. சாரா பீவியின் அண்ணன் ஹபீபுல்லா வெளியே ஜமாத்து ஆட்களோடு காத்து நின்றார். கடைசியில் மருதையே இருமிக்கொண்டு முன்னால் வந்தார். “எங்கய்யா வெக்கணும்?” என்று கேட்டு, மருதையின் உடலைப் பெற்றுக்கொண்டதற்கு மருதையே கைநாட்டு வைத்தார். ‘இறந்தவருக்கு உறவுமுறை’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று ரத்தினவேல் வெகுநேரம் யோசித்தார். பிறகு அழகான கையெழுத்தில் ‘தானே’ என்று எழுதினார்.

மறுநாள் தையல் பிரிக்கும் நாள். டிரெஸ்ஸர் வந்து பன்னிரண்டாம் கட்டிலின் வயிற்றைத் தடவித் தடவித் தேடினார்.

“தையல் எங்கேய்யா?”

“எங்கிட்ட ஏதுங்க தையலு? வேட்டியிலதான் ஒண்ணு இருக்கு.”

டிரெஸ்ஸர் டாக்டரைக் கேட்டார். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதினார்: ‘காயம் பூரணமாக ஆறிவிட்டது. வடுகூட இல்லை.’ அறுவை சிகிச்சை வரலாற்றில் இதற்கு நிகர் கிடையாது. இப்படியாக, பாலக்கரை ஷேக் தாவூது பூரண குணமடைந்து, ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்ற அறிவுரையோடு, ஜீயபுரத்துக்குப் பஸ் ஏறினார்.

அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒரே ஒழுங்கீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பஸ் ஏறும் முன் மருதையைப் பின்வாசலில் நிறுத்தினாள் வியாகுலம்மாள். கையில் ஊசி. “உங்க பேர் என்னங்க?” என்றாள். அவர் சொன்னார். “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள். அவர் மறுபடி சொன்னார். அதன் பிறகுதான் அவருக்குரிய பென்சிலினைப் போட்டாள். அன்று முதல் நாற்பது கட்டிலிலும் பெயர் கேட்டே ஊசி போட்டாள். பத்து மணி ஊசி முடியப் பதினொன்றரை ஆயிற்று. ‘நோயாளிகளிடம் தேவையற்ற உரையாடல்’ என்று குறிப்பாணை வந்தது.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிய நான்கு மாதம் பத்து நாள். அதுவரை வீட்டைவிட்டு வெளியே வராத சாரா பீவி சும்மா இருக்கவில்லை. எட்டாவது வரை படித்தவள். வாரம் ஒரு மனு எழுதினாள். நடக்காத தவறைப் பற்றி இத்தனை மனுக்கள் வந்ததால், நடக்காத தவறு மீண்டும் நடக்காமல் இருக்க ‘நோயாளர் பாதுகாப்பு உயர்நிலைக் குழு’ ஒன்று அமைந்தது. தலைவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதி சடகோபாச்சாரியார், ரிட்டயர்டு ரிஜிஸ்திரார். முப்பது வருஷம் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களைச் சற்றே எழுத்துப் பிழையுள்ள நகல்கள் என்று கருதுகிறவர்.

“வாங்கோம்மா, உக்காருங்கோ. என்ன பிரார்த்தனை?” என்றார், இத்தா முடிந்து குழுவின் முன் வந்து நின்ற சாரா பீவியிடம்.

“எங்க ஊட்டுக்காரங்க தப்பான ஊசியால மவுத்தாகிட்டாங்கன்னு எழுதணுங்க. தலையணைய மாத்தி வெச்சது நான்தான். அதையும் எழுதுங்க. இனிமே ஊசி போடறதுக்கு முன்னாடி பேர் கேக்கணும்னு ஒரு வரி சேத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாங்க.”

ஆச்சாரியார் பதிவேட்டைப் பயபக்தியோடு திறந்தார். “பதினொண்ணு மருதை. நிமோனியா. பென்சிலின் போடணும்னு உத்தரவு, போட்டாச்சு. முந்தின நாளே சோதனை ஊசியும் போட்டு ஒத்துண்டிருக்கு. ஆயுசு இல்லை, பெருமாள் திருவடி சேர்ந்தார். பன்னெண்டு ஷேக் தாவூது. பென்சிலின் ஆகாதுன்னு எழுதியிருக்கு, போடலை. க்ஷேமமா ஆத்துக்குப் போயாச்சு. இதுல தப்பு எங்கே இருக்கு? நீங்களே காட்டுங்கோ.”

“பெருமாள் திருவடி சேர்ந்தவன் இங்க நிக்கிறேன் சாமி” என்றார் மருதை. சாரா பீவிக்குச் சாட்சி சொல்ல ஜீயபுரத்திலிருந்து வந்திருந்தார்.

“நீர் பேசப்படாது. இறந்தவா வாக்குமூலத்தை ஏத்துக்க விதி இல்லை.”

வாசலோரம் நின்ற வியாகுலம்மாள் உள்ளே வந்தாள். “ஐயா, ஊசி போட்டது நான். தப்பு நடந்துச்சு. பலகையப் பாத்தேன், ஆளப் பாக்கல.”

“நீ மருதைக்குப் போட்டே. சரியாத்தான் போட்டே. கையெழுத்து இருக்கே!”

“இல்லைங்க ஐயா, பாய்க்குப் போட்டேன்.”

“அதெப்படி? பாய்க்குப் போடாதேன்னு சிவப்பு மையில எழுதியிருக்கு, அதை மீறினியா?”

“மீறலைங்க, அவங்கன்னு தெரியாம...”

“மீறலை. அவளே ஒத்துண்டாச்சு. எழுதிக்கோ” என்றார் ஆச்சாரியார். ரத்தினவேல் எழுதிக்கொண்டார்.

சாரா பீவி எழுந்து நின்றாள். “சரிங்க, பழசு போகட்டும். பேர் கேக்கறதையாவது எழுதுவீங்களா?”

குழு அதை வெகு நேரம் ஆழ்ந்து விவாதித்தது. “பேர் கேட்டா நோயாளி சொல்லுவான்” என்றார் ஆச்சாரியார். “அது பலகையோட ஒத்துப்போகலைன்னா?”

“ஊசிய நிறுத்தணுங்க.”

“நிறுத்தினா, தப்பு நடக்க இருந்ததுன்னு ஆயிடும். இங்கேதான் தப்பே நடக்கறதில்லையே அம்மா! ஸ்தாபனத்துக்கு அபவாதம் வந்துடாதோ?”

குழுவில் உட்கார்ந்திருந்த டாக்டர் இருதயநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, ஆச்சாரியார் சொல்வது மிகச் சரி என்றார்.

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. கட்டில்களைத் தரையோடு போல்ட்டு போட்டு முடுக்குவது. எண்களை ஒரு அடி உயரத்தில் எழுதுவது. தலையணைகளை மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடுவது. ‘இவ்வார்டில் திசை பார்க்கக் கூடாது’ என்று நீலப் பலகை. வியாகுலம்மாளைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றுவது. அங்கே யாரிடமும் பெயர் கேட்க முடியாது. இவ்வளவும் செய்து முடித்ததற்காக அந்த வருஷமே ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளிக் கேடயம் கிடைத்தது. விழா மலரில், எந்த அசம்பாவிதமும் இன்றிக் குணமடைந்தவர்களுக்கு உதாரணமாக ஒரே பெயரை அச்சிட்டிருந்தார்கள்: ஷேக் தாவூது, பாலக்கரை. வடுகூட இல்லை.

மருதை மலரை வாங்கிப் புரட்டினார். “பாயம்மா, எம்பேரு எங்கயும் இல்லையே?”

“நீங்கதான் செத்துட்டீங்களேண்ணே” என்றாள் சாரா பீவி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரிப்பு நிற்காமல் வந்தது. வெள்ளையம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதன் பிறகும் அவள் மனு எழுதுவதை விடவில்லை. 1964-இல் ஒரு பதில் வந்தது. ‘பொருள்: ஷேக் தாவூது என்பவர் இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் திருத்தம் கோருதல். சம்பந்தப்பட்ட நபர் நேரில் ஆஜராகி, தாம் இறந்ததை உறுதிசெய்து கையொப்பமிட்டால் பரிசீலிக்கப்படும்.’

1966-இல் அண்ணன் மகள் ரோஷன் பேகத்தைப் பிரசவத்துக்கு அங்கேதான் சேர்த்தார்கள். துணைக்குப் போன சாரா பீவி கட்டில் காலருகே உட்கார்ந்திருந்தாள். புது நர்ஸ் தட்டோடு வந்தாள்.

“பதினேழு, கையை நீட்டு.”

“பதினேழோட பேர் என்னம்மா?” என்று கேட்டாள் சாரா பீவி.

“பேரு எதுக்குங்க? கட்டிலைத்தான் தரையோட முடுக்கியிருக்காங்களே!”

சாரா பீவி எழுந்து ஊசிக்கும் கைக்கும் நடுவே நின்றுகொண்டாள். “பேரச் சொல்லு ரோஷன்” என்றாள். அந்தப் பெண் சொன்னாள். “சத்தமாச் சொல்லு.” சத்தமாகச் சொன்னாள். நர்ஸ் சலித்துக்கொண்டே தாளைப் பார்த்தாள், தலையாட்டினாள். அதன் பிறகே சாரா பீவி விலகினாள். நீலப் பலகைக்குக் கீழே இன்னும் ஒன்றரை நிமிஷம் வீணாயிற்று.

சிவப்புத் துணி அட்டைப் பதிவேடு இப்போதும் பத்திரமாக இருக்கிறது. அதில் ஷேக் தாவூது பூரண குணத்தோடு இருக்கிறார். அந்த ஆஸ்பத்திரி யாரையும் கொன்றதில்லை என்பதற்கு முதல் சாட்சி அவர்தான்.